பத்தே காலுக்கு இறப்பவர்

பத்தே காலுக்கு என் புருஷன் இறக்கிறார்.
பதினொன்றுக்கு மறுபடி.
சாப்பாட்டு மணிக்குள் நான்கு தடவை.

காரைக்குடியில், கோட்டையூர் போகும் சாலையில்
நர்சிங் காலேஜ், மூன்றாம் மாடி.
ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா.
சுவரில் கறுப்புக் கண்ணாடி,
அதற்கு அந்தப் பக்கம் லூர்து மேடமும் மார்க் ஷீட்டும்.
அடுத்த அறைக் கட்டிலில் அவர்:
ரப்பர் தோல், மோட்டார் வைத்த மூச்சு,
கழுத்தில் தொட்டால் நாடி.
சுவிட்சை அமர்த்தினால் இல்லை.
முகூர்த்த நாளென்றால்
பக்கத்து மண்டபத்து மேளம் ஜன்னல் ஏறி வரும்.
அதற்காக யாரும் நிறுத்துவதில்லை.

என் கையில் அட்டை.
பெயர் மங்களம். புருஷன் வயது ஐம்பத்து நான்கு.
திருப்பத்தூர் ரோட்டில் லாரி. தலையில் அடி.
அழுகை: தேவைப்பட்டால் மட்டும்.
நாளுக்கு நானூறு ரூபாய், மதியச் சாப்பாடு,
கல்லலுக்குப் போய்வர பஸ் காசு.

பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வருவார்கள்.
உட்காரணும். பெயர் சொல்லணும். கண்ணைப் பார்க்கணும்.
சுற்றி வளைக்காமல் அந்த ஒரு சொல்லைச் சொல்லணும்.
அந்தச் சொல்தான் வாயில் வராது.
ஹாஜிராவுக்கு அவர் "தவறிட்டாரு."
சிந்தாமணிக்கு "கை மீறிப் போயிருச்சு."
ஒருத்தி "நம்மள விட்டுட்டுப் போயிட்டாரும்மா" என்று
எனக்கு முந்தி அவளே அழுதாள்.
டிஷ்யூ டப்பாவை நான்தான் நகர்த்தினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
எனக்கும் வந்தது, அடக்கினேன்.
அதற்கும் சேர்த்துத்தான் நானூறு.

நான்காவது ஆள் பாண்டிமீனா.
வெள்ளைக் கோட்டில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.
நின்றபடியே, பேனாவை மூடித் திறந்து மூடி,
"அம்மா, எல்லாம் பாத்தாச்சு.
இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

என் பதில் அட்டையில் இருந்தது.
வாயில் வந்தது வேறு.
"அப்ப இட்லி குடுக்கலாமா?"

மதுரை பெரிய ஆஸ்பத்திரி. ஆறு வருஷம் ஆகிறது.
இதே வாக்கியத்தை ஒருவர் நடந்துகொண்டே சொன்னார்,
நான் கும்பிட்டேன்.
குணமாகிவிட்டது என்று கும்பிட்டேன்.
அடைக்கலத்துக்குத் துவைத்த சட்டையை எடுத்து வைத்தேன்.
கேண்டீனில் நாலு இட்லி, சட்னி தனியாக.
மேலூர் தாண்டியும் பொட்டலம் மடியில் சூடாக இருந்தது.
வண்டி ஓட்டியவர்தான்
ஓரங்கட்டி, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு
அந்தச் சொல்லைச் சொன்னார்.

பாண்டிமீனா கண்ணாடியைப் பார்த்தாள்.
பாடத்தில் இட்லி இல்லை.
ஸ்பீக்கர் கரகரத்தது: "நிறுத்து. முதல்லேர்ந்து."

முதலிலிருந்து.
அந்த மாடியில் மட்டும் அப்படிச் சொல்லலாம்.
வெளியே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம்
செருப்புச் சத்தம் நின்றே போனது.
அடுத்த அறையில் யாரோ சுவிட்சைப் போட
அவர் மூச்சு விட ஆரம்பித்தார்.

வந்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்தாள்,
கிறீச்சென்று, மேளத்தையும் மீறி.
"நான் பாண்டிமீனா.
உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா."
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, மார்க் ஷீட்டில் இல்லாத ஒன்று:
"நீங்க சாப்டீங்களா?"

அழுகை, தேவைப்பட்டது.

சாயந்திரம் ரிஜிஸ்டரில் மங்களம் என்று எழுதி
அடித்துவிட்டு, அழகுராணி என்று போட்டேன்.
லூர்து மேடம் நாளைக்கான அட்டையை நீட்டினார்.
மகன். பதினேழு. பாம்புக்கடி.

"புருஷன்னா எத்தனை தடவை வேணும்னாலும் சாகட்டும் மேடம்.
இது வேணாம்."

பஸ் கிளம்ப ஆறே முக்கால்.
டியூஷன் முடிந்து அவன் சைக்கிளில் வருவான்,
கண்மாய்க் கரையோடு, விளக்கு இல்லாமல்.